உடன்படிக்கையும் மக்கள் வாக்கும்: ஐரோப்பியப் பொது வாக்கெடுப்பு விவாதம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

அரசு பிற நாடுகளோடு செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத்தின் இசைவு போதுமா, அல்லது வாக்காளர் அனைவரின் இசைவும் வேண்டுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உடன்படிக்கைகள் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் இக்கேள்வி எழுகிறது. அப்போது இரண்டு விவாதங்கள் ஒருங்கே நடக்கின்றன. உடன்படிக்கை நல்லதா என்பது ஒன்று. அதைப் பற்றி மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டுமா என்பது மற்றொன்று. பின்னதே இக்கட்டுரையின் பொருள். முன்னதை உள்வினா என்றும் பின்னதை முன்வினா என்றும் நாம் குறிப்போம்.

வேறு மூன்று கலைச்சொற்களையும் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்வோம்.

ஏற்புறுதி: கையெழுத்தான உடன்படிக்கைக்குத் தான் கட்டுப்படுவதாக ஒரு நாடு தன் சட்ட நடைமுறைப்படி இறுதியாக உறுதிசெய்யும் செயல். அரசுத் தலைவர்கள் கையெழுத்திட்ட நாளுக்கும் ஏற்புறுதி முடியும் நாளுக்கும் இடையில் ஆண்டுகள் கழியலாம். முன்வினா எழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

பொது வாக்கெடுப்பு: குறிப்பிட்ட ஒரு முன்மொழிவை ஏற்பதா மறுப்பதா என்று வாக்காளர் அனைவரிடமும் கேட்பது. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலிலிருந்து இது வேறுபட்டது.

அதிகார மாற்றம்: ஒரு நாட்டின் உறுப்புகள் அதுவரை செலுத்திவந்த சட்டமியற்றும், ஆளும், நீதி வழங்கும் அதிகாரத்தின் ஒரு பகுதியை நாடு கடந்த அமைப்பிடம் ஒப்படைப்பது. எந்த உடன்படிக்கை இத்தகையது என்று முடிவுகட்டுவதே, பின்னர் காணப்போவதுபோல், முன்வினாவின் மையம்.

நம் கருத்து இது: முன்வினாவுக்கு விடை தரும் விதி உடன்படிக்கை வருமுன்பே நிலைபெற்றுள்ள நாட்டில், விவாதம் உள்வினாவை நோக்கி நகர்கிறது. அந்த விடை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட நாட்டில், விவாதம் ஆட்சியாளரின் நேர்மை பற்றிய வழக்காக மாறி, உடன்படிக்கையின் உள்ளடக்கம் பின்னுக்குப் போய்விடுகிறது. இதை நிறுவ, 1986-இன் ஒற்றை ஐரோப்பியச் சட்டம் எனப்பட்ட உடன்படிக்கை முதல் லிஸ்பன் உடன்படிக்கை வரையிலான காலத்தை எடுத்துக்கொள்கிறோம். ஒன்றியத்தில் சேர்வது பற்றிய வாக்கெடுப்புகளைத் தேவையான இடத்தில் மட்டும் தொடுவோம்.

2. கேள்விக்கு எடை தரும் விதி

ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 48-ஆம் பிரிவுப்படி, அடிப்படை உடன்படிக்கைத் திருத்தங்களை எல்லா உறுப்பு நாடுகளும் தத்தம் அரசியலமைப்பு விதிகளின்படி ஏற்புறுதி செய்தால்தான் அவை நடைமுறைக்கு வரும். இவ்விதியில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, ஒருமித்த இசைவு: ஒரு நாடு மறுத்தாலும் திருத்தம் நின்றுபோகும். மற்றொன்று, முறைத் தன்னுரிமை: எவ்வழியில் ஏற்பது என்பதை அந்தந்த நாடே முடிவுசெய்யும்.

இவ்விரண்டும் சேரும்போது விளைவு விசித்திரமாகிறது. ஒரு நாட்டில் மக்களிடம் கேட்பதா இல்லையா என்பது உள்நாட்டு விவகாரம். கேட்டால் வரும் விடையோ எல்லா நாடுகளையும் பாதிக்கிறது. 2004 அக்டோபர் 29 அன்று ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கைக்கு இதுவே நேர்ந்தது. ஸ்பெயின் மக்கள் 2005 பிப்ரவரியில் அதை ஏற்றனர். பிரான்சில் மே 29 அன்று சுமார் 55 விழுக்காட்டினரும், நெதர்லாந்தில் ஜூன் 1 அன்று 61.5 விழுக்காட்டினரும் மறுத்தனர். அதன் பின் ஜூலையில் லக்சம்பர்க் மக்கள் அளித்த இசைவு பயன்படவில்லை. உடன்படிக்கை கைவிடப்பட்டது.

ஆகவே 2007-இல், பின்னர் லிஸ்பன் உடன்படிக்கையான புதிய வரைவு உருவானபோது, எந்தெந்த நாட்டில் வாக்கெடுப்பு நடக்கும் என்ற கணக்கு வரைவின் வடிவத்தையே பாதித்தது. முன்வினா ஏற்புறுதிக் கட்டத்தைக் கடந்து, உடன்படிக்கை எழுதப்படும் கட்டத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

3. வாக்கெடுப்புகளின் வகைகள்

வாக்கெடுப்பு எதிலிருந்து பிறக்கிறது என்பதை வைத்து நாடுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

(அ) கட்டாய வகை. அரசியலமைப்பைத் திருத்த மக்கள் வாக்கு வேண்டும் என்ற விதியும், இந்த உடன்படிக்கைக்கு அத்தகைய திருத்தம் தேவை என்ற நிலையும் சேர்ந்தால் வாக்கெடுப்பு தவிர்க்க முடியாததாகிறது. அயர்லாந்து இவ்வகை.

(ஆ) நிபந்தனை வகை. டென்மார்க் அரசியலமைப்பின் 20-ஆம் பிரிவு, அதிகார மாற்றத்துக்கு நாடாளுமன்றமான ஃபோல்கெடிங்கில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும் என்கிறது. அது கிட்டாமல், சாதாரணப் பெரும்பான்மை மட்டும் இருந்து, அரசு தன் முன்மொழிவில் உறுதியாக நின்றால், மக்கள் வாக்குக்குச் செல்ல வேண்டும். அங்கும் அதைத் தோற்கடிக்க, மறுப்போர் ஆதரிப்போரைவிட மிகுந்திருப்பதோடு மொத்த வாக்காளரில் 30 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

(இ) விருப்ப வகை. பிரான்சில் குடியரசுத் தலைவர் அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவுப்படி உடன்படிக்கையை வாக்குக்கு விடலாம், விடாமலும் இருக்கலாம். பிரிட்டனில் 2011 வரை பொது விதி ஏதும் இல்லை; நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றினால் வாக்கெடுப்பு, இல்லாவிட்டால் இல்லை. நெதர்லாந்தின் 2005 வாக்கெடுப்பும் அப்படி ஒரு தனிச்சட்டத்தின்படியே நடந்தது.

(ஈ) இடமில்லா வகை. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், மாநில எல்லை மாற்றம் போன்ற சிலவற்றுக்கு அன்றி, கூட்டாட்சி அளவில் பொது வாக்கெடுப்புக்கு வழிவகுக்கவில்லை. அங்கு இத்தகைய சர்ச்சை கார்ல்ஸ்ரூகேயிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குச் செல்கிறது. லிஸ்பன் பற்றிய அதன் தீர்ப்பு 2009 ஜூன் 30 அன்று வந்தது.

விளைவை வைத்தும் ஒரு பிரிவு உண்டு. முடிவு சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தினால் அது கட்டு வாக்கெடுப்பு. கருத்தை அறிவிப்பதோடு நின்றால் கருத்தறி வாக்கெடுப்பு. இவ்வேறுபாடு ஏட்டில் தெளிவானது. நடைமுறையில் அவ்வளவு தெளிவானதன்று. டச்சு வாக்கெடுப்பு கருத்தறி வகைதான். ஆயினும் அதன் முடிவை மீறி அரசு ஏற்புறுதிக்குச் செல்லவில்லை. கட்டாயமின்றிக் கேட்ட அரசுக்கும் விடையைப் புறக்கணிப்பது எளிதாக இருப்பதில்லை.

4. அழைப்பதற்கும் தவிர்ப்பதற்கும் காரணங்கள்

சட்டக் கட்டாயமின்றி வாக்கெடுப்பை அழைக்கும் காரணங்கள் மூன்று.

முதலாவது, கட்சிக்குள் பிளவு. 1975-இல் பிரிட்டனின் ஹரால்ட் வில்சன் அரசு, ஐரோப்பியச் சமூகத்தில் தொடர்வதா என்று மக்களைக் கேட்டபோது, அமைச்சர்களே இரு அணியாக நின்று பரப்புரை செய்ய அனுமதிக்கப்பட்டனர். கட்சியால் தீர்க்க முடியாததை வாக்காளரிடம் ஒப்படைத்தார்கள். 67 விழுக்காட்டினர் தொடர்வதை ஆதரித்தனர்.

இரண்டாவது, நாடாளுமன்றத் தோல்வி. 1986-இல் டென்மார்க்கின் சிறுபான்மை அரசு, ஒற்றை ஐரோப்பியச் சட்டத்துக்கு ஃபோல்கெடிங்கில் ஆதரவு திரட்ட முடியாமல் மக்களிடம் சென்றது. 56 விழுக்காட்டு ஆதரவு கிடைத்தது.

மூன்றாவது, தேர்தல் கணக்கும் தலைமையின் வலுவும். பிரான்சின் மித்தரான் 1992-இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை மக்களிடம் கொண்டுசெல்ல எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லை. பெரும் வெற்றியை எதிர்பார்த்துச் சென்றவருக்கு 51 விழுக்காடே கிட்டியது. பிரிட்டனில் டோனி பிளேர் 2004 ஏப்ரலில் அரசியலமைப்பு உடன்படிக்கைக்கு வாக்கெடுப்பு நடத்துவதாக அறிவித்ததும், அதுவரை கூறிவந்த நிலையை மாற்றிக்கொண்டுதான். ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் வரவிருந்தது.

தவிர்ப்பதற்கான காரணம் பெரும்பாலும் ஒன்றே: தோல்வி அச்சம். ஆனால் அதை அப்படியே சொல்லும் அரசு இல்லை. ஆகவே அச்சம் சட்ட வாதமாக வேடம் பூணுகிறது. அதிகார மாற்றம் இதில் இல்லை, ஆதலால் வாக்கெடுப்பு தேவையில்லை என்று கூறப்படுகிறது. வாதம் சில வேளை மெய்யாகவும் இருக்கலாம். அதைக் கூறுபவரே அதன் பயனையும் பெறுபவர் என்பதால், மெய்யாயினும் நம்பப்படுவதில்லை.

5. விவாதத்தின் படிநிலைகள்: பிரிட்டன், 2004–2008

விருப்ப வகை நாட்டில் முன்வினா எவ்வாறு வளர்கிறது என்பதை லிஸ்பன் உடன்படிக்கை பற்றிய பிரிட்டன் விவாதத்தில் ஐந்து படிநிலைகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்படி, வாக்குறுதி. 2005 பொதுத் தேர்தலில் தொழிற்கட்சி, பழமைவாதக் கட்சி, லிபரல் ஜனநாயகக் கட்சி மூன்றும் அரசியலமைப்பு உடன்படிக்கையை வாக்கெடுப்புக்கு விடுவதாக உறுதியளித்தன. அந்த உடன்படிக்கை பிரான்சிலும் நெதர்லாந்திலும் வீழ்ந்ததால் உறுதிமொழியை நிறைவேற்றும் தேவை எழவில்லை.

இரண்டாம் படி, வடிவ மாற்றம். அரசியலமைப்பு உடன்படிக்கை 448 பிரிவுகளில், முந்தைய உடன்படிக்கைகளை நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் அமர்வதாக எழுதப்பட்டிருந்தது. 2007 டிசம்பர் 13 அன்று கையெழுத்தான லிஸ்பன் உடன்படிக்கைக்கு ஏழே பிரிவுகள். முதலிரண்டு பிரிவுகளுக்குள் திருத்தங்கள் எல்லாம் அடங்கியுள்ளன: இந்தச் சொற்றொடரை நீக்குக, அந்தப் பத்திக்குப் பதில் இதைச் சேர்க்க என்று பக்கம் பக்கமாகச் செல்கின்றன. பழைய உடன்படிக்கைகள் இரண்டையும் அருகில் விரித்து வைத்துக்கொள்ளாமல் இதைப் படித்துப் பொருள்கொள்ள இயலாது. அரசியலமைப்பு என்ற பெயரும், கொடி, கீதம் பற்றிய விதியும் போயின. ஒன்றியத்தின் வெளியுறவு அமைச்சர் உயர் பிரதிநிதி ஆனார். ஆனால் ஐரோப்பிய மன்றத்துக்கு நிலையான தலைவர், 55 விழுக்காட்டு நாடுகளும் 65 விழுக்காட்டு மக்கள்தொகையும் சேர்ந்த இரட்டைப் பெரும்பான்மை முறை, உயர் பிரதிநிதியின் பணிகள் ஆகியவை நிலைத்தன.

மூன்றாம் படி, ஒப்பீடு. கேள்வி இப்போது இவ்வாறு சுருங்கியது: இரண்டும் ஒரே உடன்படிக்கையா, வேறு வேறா? பிளேருக்குப் பின் வந்த கார்டன் பிரவுன் அரசு வேறு என்றது. அரசியலமைப்புத் தன்மை கைவிடப்பட்டுவிட்டது, குற்றவியல் நீதி, வெளியுறவு, வரி, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றில் பிரிட்டனின் தனிநிலை காக்கப்பட்டுள்ளது என்று வாதிட்டது. பழைய வரைவை உருவாக்கிய மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஜிஸ்கார் தெஸ்தாங், உள்ளடக்கம் பெரும்பாலும் அதுவே, அடுக்கிய முறைதான் மாறியுள்ளது என்ற கருத்தை வெளிப்படையாகவே எழுதினார். பொதுச்சபையின் ஐரோப்பிய விவகார ஆய்வுக் குழுவும் 2007 அக்டோபரில், பிரிட்டனுக்கென வகுத்த தனி ஏற்பாடுகளைத் தவிர்த்துப் பார்த்தால், இரண்டும் சாரத்தில் சமமானவை என்று முடிவுகண்டது.

இங்கு ஓர் அளவைக் குறையைச் சுட்டிக்காட்ட வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றா என்ற கேள்வியும், புதியது தன்னளவில் வாக்கெடுப்புக்கு உரியதா என்ற கேள்வியும் வேறு வேறு. பொதுவிதி இல்லாத நாட்டில் அளவுகோலாகக் கையில் இருந்தது பழைய வாக்குறுதி ஒன்றே. ஆகவே முதற்கேள்வி இரண்டாவதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரட்டைப் பெரும்பான்மை முறையால் பிரிட்டனின் வாக்குவலு கூடுமா குறையுமா என்பதைவிட, பிரவுன் வாக்குத் தவறினாரா என்பதே ஏடுகளில் பேசப்பட்டது.

நான்காம் படி, நாடாளுமன்றம். 2008 மார்ச் 5 அன்று வாக்கெடுப்புக் கோரும் திருத்தம் பொதுச்சபையில் 248-க்கு 311 என்ற கணக்கில் தோற்றது. அன்றைய நிகழ்வில் லிபரல் ஜனநாயகக் கட்சியின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. லிஸ்பனுக்கு வாக்கெடுப்பு வேண்டாம், ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்பதற்கே வேண்டும் என்றார் அதன் தலைவர் நிக் கிளெக். உறுப்பினர்கள் வாக்களிக்காமல் விலகி நிற்கப் பணிக்கப்பட்டனர். 13 பேர் அதை மீறித் திருத்தத்தை ஆதரித்தனர். அவர்களுள் மூவர் கட்சியின் முன்வரிசைப் பொறுப்புகளை விட்டு விலகினர். பிரபுக்கள் அவை ஜூன் 11 அன்று 218-க்கு 280 என்று கோரிக்கையை மறுத்தது. மறுநாள் அயர்லாந்து வாக்களித்தது.

ஐந்தாம் படி, நீதிமன்றம். வணிகர் ஸ்டூவர்ட் வீலர், வாக்குறுதியால் மக்களுக்கு நியாயமான எதிர்பார்ப்பு பிறந்துள்ளது, அதை அரசு நிறைவேற்ற வேண்டும் என்று வழக்காடினார். உயர் நீதிமன்றம் 2008 ஜூனில் வழக்கைத் தள்ளியது. வாக்குறுதி வேறோர் உடன்படிக்கை பற்றியது. மேலும், இத்தகைய அரசியல் உறுதிமொழியைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்பது அதன் நிலை. ஜூலை 16 அன்று பிரிட்டனின் ஏற்புறுதி ஆவணம் ஒப்படைக்கப்பட்டது.

ஐந்து படிகளிலும் விடையளித்தவர்களை வரிசைப்படுத்தினால் அரசு, அரசின் பெரும்பான்மை, தனக்கு அதிகாரமில்லை என்ற நீதிமன்றம் என்று அமைகிறது. பயனாளி அல்லாத ஒருவர் விடை கூறும் இடம் இந்த வரிசையில் இல்லை. ஆய்வுக் குழு ஒன்றே ஓரளவு அத்தகையது. அதன் முடிவு எவரையும் கட்டுப்படுத்தவில்லை.

6. வாதங்களின் வகைப்பாடு

வாக்கெடுப்பு வேண்டும் என்போர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

ஒப்படைப்பு வாதம்: உறுப்பினருக்கு மக்கள் அதிகாரம் தருவது குறிப்பிட்ட தவணைக்குப் பயன்படுத்தவே, பிறரிடம் நிலையாகக் கொடுத்துவிட அன்று. மூன்றிலும் இதுவே வலிமையானது. ஆனால் மெய்யான அதிகார மாற்றம் உள்ள உடன்படிக்கைக்கே இது பொருந்தும், எல்லாவற்றுக்கும் அன்று.

மீளாமை வாதம்: சாதாரணச் சட்டத்தை அடுத்த அரசு நீக்கலாம், உடன்படிக்கையைத் தனித்து மாற்ற முடியாது. இதில் உண்மை உண்டு. எனினும் லிஸ்பன் உடன்படிக்கையே, ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையில் 50-ஆம் பிரிவைச் சேர்த்து, விலகும் வழியை வகுத்தது. ஆகவே மீளாமை முழுமையானதன்று; திருத்துவதுதான் கடினம்.

கல்வி வாதம்: வாக்கெடுப்பு நடந்தால்தான் மக்கள் உடன்படிக்கையைப் படிப்பர். 2005-இல் பிரான்சின் வாக்காளர்களுக்கு உடன்படிக்கையின் வாசகமே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. அதை விளக்கும் நூல்கள் பெருமளவில் விற்றன. கல்வி நடந்தது என்பதற்கு அது சான்று. அதே வாக்கு அன்றைய சிராக் அரசின் மீதான அதிருப்தியையும் சுமந்தது என்பதும் மறுக்க முடியாதது.

வேண்டாம் என்போரிடமும் மூன்று உண்டு.

சிக்கல் வாதம்: நூற்றுக்கணக்கான திருத்தங்களுக்கு ஆம், இல்லை என்ற ஒரே விடை பொருந்தாது. இது நாடாளுமன்றத்துக்கும் ஒக்கும். அதுவும் உடன்படிக்கையின் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

பிரதிநிதித்துவ வாதம்: ஆராய்ந்து முடிவெடுக்கவே உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பிரிட்டனில் 1945-இல் கிளமெண்ட் அட்லீ, பொது வாக்கெடுப்பு சர்வாதிகாரிகளின் கருவியாகப் பயன்பட்டதைச் சுட்டி அதை ஏற்க மறுத்தார். 1975-இல் மார்கரெட் தாட்சர் அதை நினைவூட்டினார். ஆட்சியாளர் தாம் விரும்பும்போது அழைக்கும் வாக்கெடுப்புக்கே இக்கண்டனம் நேராகப் பொருந்துகிறது. விதிப்படி வருவதற்கு அன்று.

விகித வாதம்: 2008-இல் அயர்லாந்தில் மறுத்தோர் 8,62,415 பேர், அவர்களால் சுமார் 49 கோடி மக்களின் ஒன்றியம் காத்து நின்றது. ஆனால் இந்த விளைவு ஒருமித்த இசைவு விதியால் வருவது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சில நூறு பேரைக் கொண்டு மறுத்தாலும் விளைவு இதுவே.

ஆறையும் சீர்தூக்கினால் ஒன்று புலனாகிறது. வாக்கெடுப்பு எப்போதும் வேண்டும் என்றோ, எப்போதும் கூடாது என்றோ இவற்றுள் எதுவும் நிறுவவில்லை. ஒப்படைப்பு வாதம் ஒரு வகை உடன்படிக்கைக்குப் பொருந்துகிறது. அட்லீயின் கண்டனம் ஒரு வகை வாக்கெடுப்புக்குப் பொருந்துகிறது. ஆகவே வகை பிரிப்பவர் யார் என்பதே எஞ்சும் கேள்வி.

7. விதி முந்திய நாடுகள்

அயர்லாந்தில் இக்கேள்விக்கு விடை ஒரு தனிமனிதரின் வழக்கால் வந்தது. பொருளாதார அறிஞர் ரேமண்ட் குரோட்டி, ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தை மக்கள் வாக்கின்றி ஏற்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று நீதிமன்றம் சென்றார். 1986 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் ஏற்புறுதிக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. உடன்படிக்கை 1987 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருவதாக இருந்தது. இந்தத் தடையால் ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று.

1987 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு உடன்படிக்கையை இரண்டாகப் பகுத்து நோக்கியது. சமூகத்தின் பழைய உடன்படிக்கைகளைத் திருத்தும் பகுதி, 1972-இல் மக்கள் இசைந்த வளர்ச்சியின் அடிப்படை வரம்பையும் நோக்கங்களையும் மாற்றவில்லை. ஆகவே புதிய இசைவு வேண்டியதில்லை. வெளியுறவுக் கொள்கையில் ஒத்துழைக்கும் மூன்றாம் பகுதி வேறு. வெளியுறவில் முடிவெடுக்கும் உரிமையை அரசு மக்களின் பொருட்டு வைத்திருக்கிறது. அவ்வுரிமையைக் கட்டுக்குள்ளாக்க அரசுக்கு அதிகாரமில்லை. ஐவருள் மூவர் இவ்வாறு முடிவுசெய்தனர். மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 70 விழுக்காட்டினர் ஏற்றனர்.

இத்தீர்ப்பின் சிறப்பு, எல்லா உடன்படிக்கைக்கும் வாக்கு என்று சொல்லாமல் அளவுகோல் ஒன்றைத் தந்ததில் இருக்கிறது. அந்த அளவுகோல் இரு பக்கமும் வெட்டும். 2012-இல் நிதி ஒப்பந்தத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. அதே ஆண்டு யூரோ நாடுகளின் நிலைப்பு நிதியத்துக்கு வாக்கெடுப்புக் கோரிய பிரிங்கிள் வழக்கில், தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது.

விதியோடு களத்தின் ஒழுங்கும் சேர்ந்தது. 1995-இல் பாட்ரிஷியா மெக்கென்னா தொடுத்த வழக்கில், வாக்கெடுப்பில் ஒரு பக்கத்துக்கு ஆதரவாக அரசு பொதுப்பணத்தைச் செலவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1998-இல் வாக்கெடுப்பு ஆணையம் பற்றிய சட்டம் வந்தது. வாக்காளருக்குப் பொருளை விளக்குவது அந்த ஆணையத்தின் வேலையாக இருந்தது.

டப்ளினில் 2008 ஜூன் 12 அன்று வாக்காளர் கையில் தரப்பட்ட சீட்டில், லிஸ்பன் நல்லதா என்ற கேள்வி இல்லை. அரசியலமைப்பின் இருபத்தெட்டாம் திருத்த மசோதாவிலுள்ள முன்மொழிவை ஏற்கிறீர்களா என்று ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தது. ஏற்பதற்கு ஒரு கட்டம், மறுப்பதற்கு ஒரு கட்டம். திருத்தத்துக்கு மக்கள் வாக்கு என்ற பொதுவிதியின் ஓர் உதாரணமாக மட்டுமே லிஸ்பன் அங்கே வந்தது. ஆகவே வாக்கெடுப்பு நடத்துவதா என்ற சண்டை நாட்டில் பெரிதாக எழவில்லை. ஐரோப்பிய ஆணையத்தில் நாட்டுக்குரிய ஆணையர் பதவி, நடுநிலைமை, நிறுவன வரி, கருக்கலைப்பு என்று உள்வினாவின் கூறுகளே பேசப்பட்டன. அவற்றுள் சில உடன்படிக்கைக்குத் தொடர்பற்றவை என்பது உண்மை. ஆயினும் தொடர்புண்டா இல்லையா என்பதை வாசகத்தைக் காட்டி வாதிட முடிந்தது. தலைவர் வாக்குத் தவறினாரா என்ற சச்சரவு அப்படித் தீர்வதன்று.

டென்மார்க்கில் விதி உண்டு; வகை பிரிப்பவர் முதற்கட்டத்தில் நீதி அமைச்சகம். அரசியலமைப்பு உடன்படிக்கையில் அதிகார மாற்றம் உண்டு என்ற அதே அமைச்சகம், லிஸ்பனில் இல்லை என்று 2007 டிசம்பரில் அறிக்கை தந்தது, வாக்கெடுப்பு நடக்கவில்லை. குடிமக்கள் சிலர் வழக்காட, அவர்களுக்கு வழக்கிடும் உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2013 பிப்ரவரியில் அரசு செய்தது சரியே என்று தீர்த்தது. உடன்படிக்கை 2009 டிசம்பர் முதலே நடைமுறையில் இருந்தது. நீதிமன்றம் முறையாகவே ஆராய்ந்தது. ஆனால் ஏற்புறுதிக்குப் பின் வந்த விடையால் ஐயத்தைப் போக்க முடியுமே அன்றி, முடிவை வழிநடத்த முடியாது. அயர்லாந்தின் இடைக்காலத் தடையின் மதிப்பு இங்கே விளங்குகிறது.

8. மறுவாக்கெடுப்பு என்னும் இடர்ப்பாடு

விதி முந்திய நாடுகளை நாம் புகழ்வதற்கு எதிராக ஒரு வலுவான தடை எழுப்பப்படுகிறது: மக்கள் மறுத்தால் மீண்டும் கேட்கிறார்கள், ஏற்றால் மீண்டும் கேட்பதில்லை. டென்மார்க் 1992 ஜூனில் மாஸ்ட்ரிக்டை 50.7 விழுக்காட்டால் மறுத்து, 1993 மே மாதம் ஏற்றது. அயர்லாந்து 2001-இல் நீஸ் உடன்படிக்கையை மறுத்து 2002-இல் ஏற்றது. 2008-இல் லிஸ்பனை 53.4 விழுக்காட்டால் மறுத்து, 2009 அக்டோபரில் 67 விழுக்காட்டால் ஏற்றது.

இத்தடையைப் பிரித்து ஆராய வேண்டும். மறுவாக்கெடுப்பு இரு வகைப்படும். பொருள் மாறிய பின் கேட்பது ஒன்று. பொருள் மாறாமல் கேட்பது மற்றொன்று. டென்மார்க், 1992 டிசம்பரில் எடின்பரோவில், குடியுரிமை, ஒற்றை நாணயம், பாதுகாப்பு, நீதி ஆகிய நான்கில் விலக்குப் பெற்றது. பொருள் மெய்யாக மாறிற்று. லிஸ்பனில் அயர்லாந்துக்கு, நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற முறை தொடரும் என்ற உறுதியும், வரி, உயிர் வாழ்வுரிமை, நடுநிலைமை பற்றிய சட்ட உத்தரவாதங்களும் கிடைத்தன. உடன்படிக்கையின் வாசகம் மாறவில்லை. சூழ்நிலைப் பொருள் ஓரளவு மாறிற்று. நீஸில் நடுநிலைமை பற்றிய அறிவிப்புகளும், பொதுப் பாதுகாப்பில் சேர மக்கள் வாக்கு வேண்டும் என்ற அரசியலமைப்பு வரியும் சேர்ந்தன. அதோடு, 35 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வாக்குப்பதிவு ஏறத்தாழ 50 விழுக்காடாக உயர்ந்தது. மூன்றிலும் மாற்றத்தின் அளவு வேறு. ஆகவே நியாயத்தின் அளவும் வேறு.

மேலும், முதல் மறுப்பு வீணாகவில்லை என்பதும் இதனால் தெரிகிறது. நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற முறையைக் காத்தது அயர்லாந்தின் மறுப்பே. இதற்கு மாறாக, மறுவாக்கெடுப்பும் இன்றி நாடாளுமன்ற வழியைக் கைக்கொண்ட பிரான்சைப் பாருங்கள். 2007 தேர்தலில் சர்கோசி இதை முன்கூட்டியே சொல்லித்தான் வென்றார். 2008 பிப்ரவரி 4 அன்று வெர்சாயில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கூடிய காங்கிரசு 181-க்கு 560 வாக்குகளால் அரசியலமைப்பைத் திருத்தியது. சட்டப்படி குறையில்லை. ஆனால் 2005-இல் மறுத்தவர்களுக்கு, தங்கள் மறுப்பால் வந்த மாற்றம் எது என்பதைக் காட்ட எவரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

9. முடிபுகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு நிபந்தனைகளை நாம் பெறுகிறோம்.

முதலாவது, முன்மை. எவ்வகை உடன்படிக்கைக்கு மக்கள் வாக்கு என்ற அளவுகோல், உடன்படிக்கை எதுவும் கையில் இல்லாத காலத்திலேயே வகுக்கப்பட வேண்டும். இரண்டாவது, பிரிநிலை. அளவுகோலைப் பொருத்திப் பார்ப்பவர், விடையால் பயனடையும் அரசாக இருக்கக் கூடாது. மூன்றாவது, காலம். அந்த விடை ஏற்புறுதிக்கு முன் கிடைக்க வேண்டும். நான்காவது, நிலைபேறு. விதியை அன்றைய பெரும்பான்மை எளிதில் நீக்கிவிட முடியாதபடி அது அமைய வேண்டும்.

நான்காவதன் தேவையைப் பிரிட்டனே பின்னர் மெய்ப்பித்தது. லிஸ்பன் சர்ச்சையின் விளைவாக வந்த 2011-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஒன்றியத்துக்கு மேலும் அதிகாரம் மாற்றும் உடன்படிக்கை எதற்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று விதித்தது. முன்மை அதில் இருந்தது. பிரிநிலை பாதி இருந்தது. அமைச்சர் தம் கருத்தை எழுத்தில் வெளியிட வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஆனால் அது உள்ளே செல்லும் அதிகாரத்தை மட்டும் கண்காணித்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது பற்றி மக்களைக் கேட்பதா என்பது, 1975-இல் போலவே, கட்சிப் பிளவை ஆற்ற முயன்ற தலைமையின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. 2015-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2016 ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் வெளியேறுவதை ஆதரித்தனர். எந்த வடிவில் வெளியேறுவது என்பதற்கு எழுதப்பட்ட முன்மொழிவு எதுவும் அப்போது இல்லை. ஆகவே அதன் பின் பல ஆண்டுகள் நாடாளுமன்றம், மக்கள் எதற்கு இசைந்தார்கள் என்பதையே விவாதித்தது. 2011-இன் சட்டமோ 2018-இல் மற்றொரு சாதாரணச் சட்டத்தால் நீக்கப்பட்டது.

அயர்லாந்தின் விதி 1987 முதல் இன்றுவரை எல்லா அரசுகளையும் கட்டுப்படுத்தி வருகிறது. அது அரசியலமைப்பில் வேர்கொண்டது. அதை நீக்க விரும்பும் அரசும் மக்களிடம் வாக்குக் கேட்டாக வேண்டும். ஐரோப்பிய உடன்படிக்கைகளைப் பற்றி மக்களிடம் கேட்பதா என்று வாதிடும் எந்த நாடும், அந்த உடன்படிக்கையை எடுத்துப் பேசுமுன், தன்னிடம் இத்தகைய விதி உண்டா என்பதை முதலில் ஆராய்வது தகும்.